தம்பி பேய்ப் படம் எடுத்திருக்கிறான்: பார்த்துவிட்டு என்ன சொல்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். கடைவீட்டு மாடியில் ஓர் அறை, இரண்டு திரை, ஒரு நல்ல ஹெட்போன். இந்த வட்டாரத்தில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் படத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, "அக்கா, பார்த்துட்டு உண்மையைச் சொல்லுங்க" என்று படியேறி வருவார்கள். வருவதில் பாதிக்கு மேல் பேய்ப் படம்தான். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு வாடகை இல்லை, இருட்டுக்கும் காசு இல்லை. (தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினார்களா என்று நான் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.)

பேய்ப் படத்திலேயே தனி ரகம் ஒன்று உண்டு. பாட்டி சொன்ன கதையை எடுத்து, அதற்குள் பயத்தை வைப்பது. ஒரு ஊரில் ஒரு பெண்பிள்ளை, போகக் கூடாத வழி, பேசக் கூடாத கிழவி. இதற்குக் கருத்து சொல்வது கொஞ்சம் நுணுக்கமான வேலை. பயந்தோமா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது. பாட்டி கதை ஒரு சட்டத்தின் மேல், அதாவது "இதைச் செய்யாதே" என்ற விதியின் மேல், நிற்கிறது. அந்தச் சட்டத்தைப் படம் தானே காப்பாற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பார்த்ததை எடுத்தவருக்குப் பயன்படும்படி சொல்வது அதற்கடுத்த வேலை.

முதலில் கேட்க வேண்டியவை

படத்தைத் திறக்கும் முன் ஒரு கேள்வி: "இன்னும் வெட்டிக்கொண்டு இருக்கிறாயா, வெட்டி முடித்துவிட்டாயா, வெளியிட்டுவிட்டாயா?" வெட்டிக்கொண்டு இருந்தால் காட்சி வரிசை, நீளம், முடிவு எல்லாவற்றையும் பேசலாம். வெட்டு முடிந்து ஒலியும் நிறமும் மட்டும் பாக்கி என்றால் அவற்றை மட்டும் பேசுங்கள். அந்த நேரத்தில் "நடுவில் ஒரு காட்சி சேர்த்திருக்கலாமே" என்றால், பள்ளி விடுமுறையில் நடிக்க வந்த பிள்ளையை அவன் எங்கே போய்த் தேடுவான்? வெளியிட்டுவிட்டான் என்றால் வாழ்த்துச் சொல்லுங்கள். குறையை அடுத்த படத்தின் கதையைச் சொல்ல வரும்போது பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், யாருக்காக எடுத்தது? விழாவுக்கு அனுப்பவா, தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கூடிப் பார்க்கவா? விழா என்றால் அந்த விழாவின் கால வரம்பைக் கேளுங்கள். ஆஸ்கரில் பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம்தான். அதைச் சொல்லிக்கொண்டு 38 நிமிடத்துக்கு இழுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். பதினைந்து நிமிடத்துக் கதையை 38-க்கு இழுக்க ஆஸ்கர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

மூன்றாவதாக, "உனக்கே எந்த இடத்தில் சந்தேகம்?" இதற்குப் பதிலை உடனே சொல்ல வேண்டாம், ஒரு தாளில் எழுதி மடித்து வை என்று சொல்லுங்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டால் அந்த இடம் வரும்வரை காத்துக்கொண்டே பார்ப்பீர்கள். நீங்கள் கண்ட குறையும் அவன் எழுதியதும் ஒன்றாக இருந்தால், பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.

பார்க்கும் முறை

முதல் தடவை விளக்கை அணைத்து, ஹெட்போன் போட்டு, நிறுத்தாமல் பாருங்கள். கையில் பேனா வேண்டாம். குறிப்பு எழுதிக்கொண்டே பயப்பட யாராலும் முடியாது. முடிந்ததும் மூன்றை மட்டும் எழுதுங்கள்: எங்கே பயந்தேன், எங்கே மணியைப் பார்த்தேன், கண்ணை மூடினால் எந்தப் படம் நிற்கிறது. இந்த மூன்றும் பிறகு கிடைக்காது. இரண்டாம் முறை பார்க்கும்போது கதை தெரிந்துவிடும், பயம் பாதிதான் இருக்கும்.

இரண்டாவது தடவை கைப்பேசியில், அதன் சொந்த ஒலிபெருக்கியில். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் பார்க்கப் போகிறார்கள். மூன்றாவது தடவைதான் நிறுத்தி நிறுத்தி, நிமிடமும் விநாடியும் குறித்துக்கொண்டு.

முடிந்தால் சினிமாவோடு சம்பந்தமே இல்லாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, படத்தை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள். எனக்கு என் அத்தை. அவர் பேச ஆரம்பிக்கும் விநாடியில் படத்தின் பிடி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் சின்ன ஊரில் இதற்கு ஒரு கழிவு போட வேண்டும். "இது நம்ம ஸ்டோர் கிராணி மகள் இல்லே?" என்று கேட்டால் அது படத்தின் குற்றமில்லை.

கதையின் சட்டம்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். அண்மையில் வந்த ஒரு படத்தை, யாருடையது என்று தெரியாதபடி கொஞ்சம் மாற்றி, உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பதினான்கு நிமிடப் படம். பாட்டி பேத்தியிடம் சொல்கிறாள்: "ராத்திரியிலே உன் பேரை ஒரு தடவை கூப்பிட்டா வாயைத் திறக்காதே. மனுஷனா இருந்தா மூணு தடவை கூப்பிடுவான்." நம் வீடுகளில் எல்லாருக்கும் சொன்னதுதான். அப்பா செம்பனைத் தோட்டத்தில் ஜாகா (காவல்) வேலை. பேத்தி தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு, குட்டித் தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறாள். இருட்டில் ஒரு குரல், ஒரே தடவை. பிள்ளை "ஆ?" என்கிறாள். அது வந்துவிடுகிறது.

அதுவரைக்கும் அருமை. அடுத்து அந்த உருவம் முதலில் தம்பியைப் பிடிக்கிறது. அவன் வாயே திறக்கவில்லை! அந்த விநாடியில் என் பயம் இறங்கிவிட்டது. பதில் சொன்னவளை விட்டுவிட்டுச் சொல்லாதவனைப் பிடிக்கும் என்றால், பிறகு அது யாரையும் எப்போதும் பிடிக்கலாம். யாரையும் பிடிக்கலாம் என்றால் நான் எதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்?

விளாதிமிர் பிராப் என்ற ருஷ்ய ஆய்வாளர் 1928-இல் அந்நாட்டு மாயக் கதைகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் 31 நிகழ்வுகளை வரிசைப்படுத்தினார். இரண்டாவது தடை, மூன்றாவது மீறல். நம் பாட்டிகள் பிராப்பைப் படிக்காமலேயே அதே வரிசையில்தான் சொன்னார்கள். ஆகவே படம் முடிந்ததும் உங்களையே கேளுங்கள்: தடையைப் போட்டது யார்? அது என் காதில் தெளிவாக விழுந்ததா? மீறியது யார்? தெரிந்து மீறினாளா, வாய்தவறியா? தண்டனை மீறலுக்குப் பொருந்துகிறதா? சட்டத்தை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல உங்களால் முடியவில்லை என்றால் அதை முதல் குறிப்பாக எழுதுங்கள். வெளிச்சம், ஒப்பனை, ரத்தம் எல்லாம் பிறகு.

எப்படி எழுதுவது? "தம்பி பாத்திரத்தைத் தூக்கிடு" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "8:40-இல் தம்பியை ஏன் பிடித்தது என்று எனக்குப் புரியவில்லை. அவன் பதில் பேசியதை நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பயம் குறைந்துவிட்டது." அவ்வளவுதான். எனக்குத் தோன்றியது, எந்த நிமிடத்தில், அதனால் என்ன ஆனது. மருந்து எழுதும் வேலை நம்முடையது இல்லை. நான் தம்பியைத் தூக்கச் சொல்லியிருந்தால் ஒரு நல்ல குட்டி நடிகனைப் படம் இழந்திருக்கும். எடுத்தவன் என்ன செய்தான் தெரியுமா? அக்காள் "ஆ?" என்றதும் தம்பியும் அதே மாதிரி "ஆ?" என்று எதிரொலிக்கும் குரலை மட்டும் டப்பிங்கில் சேர்த்தான். பிள்ளைகள் அப்படித்தானே செய்யும். சட்டமும் நின்றது, சின்னவனின் அப்பாவித்தனம் பயத்தைக் கூட்டியும் விட்டது. எனக்கு அது தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது.

முடிவு விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை. "பாவம், பிள்ளையைக் காப்பாற்றியிருக்கலாமே" என்று பெரியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நீங்களும் சொல்லாதீர்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையைப் பிரான்சில் பெர்ரோ 1697-இல் அச்சிட்டபோது ஓநாய் சிறுமியைத் தின்றதோடு கதை முடிந்தது. வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றும் வேடன் 1812-இல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் வந்தான். இரண்டு முடிவும் நின்றுவிட்டன. முடிவு பிடிக்கவில்லை என்பது குறிப்பு ஆகாது. "இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை" என்பதுதான் குறிப்பு.

காது

பிள்ளைகள் பணத்தையெல்லாம் கேமராவில் போட்டுவிட்டு ஒலியை இணையத்தில் இலவசமாக இறக்குவார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். செம்பனைக்குள் ஓநாய் ஊளை கேட்கும். தீபகற்ப மலேசியாவில் ஓநாய் கிடையாது. ஆந்தை "ஊ... ஊ..." என்று அலறும். நம் செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க நிர்வாகமே கம்பத்தில் பெட்டி கட்டி வளர்ப்பது கூகை. அது "ஊ" என்னாது, கிறீச்சென்று கத்தும், சீறும். உண்மையில் அந்தக் கத்தல் இலவச ஊளையைவிடப் பத்து மடங்கு மோசம். கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு செய்தாலே போதும். இதைக் குறிப்பில் எழுதும்போது "தப்பு" என்று எழுத வேண்டாம். "3:15-இல் ஊளை கேட்டதும் நான் நம் தோட்டத்தை விட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டேன்" என்றால் புரிந்துகொள்வான்.

மாறாக, ஒரு படத்தில் பகல் காட்சி. ரப்பர்த் தோட்டத்தில் யாரும் இல்லை. வெயிலில் காய்ந்த காய் ஒன்று பட்டென்று வெடித்துக் கொட்டை சருகில் விழுகிறது. இசை இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும், ஆனாலும் கழுத்து திரும்பும். அப்படி ஓர் இடம் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் நீளம் குறைக்கிறேன் என்று அதையே வெட்டிவிடுவார்கள். பாராட்டு ஆறுதலுக்காக எழுதுவது அல்ல. "இதைத் தொடாதே" என்று சொல்வதற்காக.

பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண் பேயின் கதையை எடுத்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் வரும். மலாய்க்கார நண்பர்கள் சொல்லி நமக்கெல்லாம் தெரிந்த நம்பிக்கை: குழந்தை அழுவதுபோலக் கேட்கும் அவள் குரல் உரக்கக் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாள், மெல்லக் கேட்டால் பக்கத்தில். கதையில் ஒரு பாத்திரம் இதை அழகாகச் சொல்லும். ஆனால் ஒலிக்கலவை செய்யும்போது, பழக்கத்தில், அவள் நெருங்க நெருங்கச் சத்தத்தை ஏற்றிவிடுவார்கள். வாய் சொன்ன சட்டத்தை ஒலி உடைத்துவிட்டது. குறைந்துகொண்டே போய், ஒரு மூச்சளவுக்கு வந்து, அப்புறம் நின்றால் எப்படி இருக்கும்! இதைத்தான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாருங்கள் என்கிறேன். கதை, ஒலி, ஒளி மூன்றையும் அதே கேள்வியால் அளக்கலாம்.

கைப்பேசியில் பார்க்கும்போது கவனிக்க: அடித்தொண்டை உறுமலை மட்டும் நம்பிய பயம் அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் காணாமல் போகும். தாழ்ந்த ஒலியை அதனால் தர முடியாது. திடீர்ச் சத்தத்தால் தூக்கிப்போடும் இடங்களை எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால், மூன்றாவதில் அத்தை டீ ஆற்றப் போய்விடுகிறார் என்று எழுதலாம்.

இருட்டும் இடமும்

"ரொம்ப இருட்டா இருந்துச்சு" என்பது பயனில்லாத குறிப்பு. பேய்ப் படம் இருட்டாகத்தான் இருக்கும். முகம் தெரியவில்லையா, ஆள் எங்கே நிற்கிறாள் என்பதே தெரியவில்லையா? முதலாவது சில வேளை நல்லது. இரண்டாவது எப்போதும் கெடுதல்.

பழைய லயத்து வீட்டில் குழல் விளக்கடியில் எடுத்த காட்சியில் பட்டை பட்டையாக ஓடினால், அதற்கு மட்டும் மருந்தையே எழுதிவிடலாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், குழல் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/60-இல் இருந்திருக்கும். அடுத்த முறை 1/50 அல்லது 1/100. இது கருத்து இல்லை, கணக்கு. ஒரே விடை உள்ள இடங்களில் விடையைச் சொல்லிவிடுவது உபகாரம்.

தோட்டத்துக்காரர்கள் கண்ணுக்கு மட்டும் உறுத்துகிற விஷயங்களும் உண்டு. உச்சி வெயிலில் பால் வெட்டுவார்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்று பிரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போன எந்த வீட்டிலும் தெரியும். ரப்பர்க் காட்டில் வழி தவறும் பிள்ளை இன்னொன்று. நிரை பிடித்து நடந்தால் எப்படி வழி தவறும்? இவற்றை எல்லாம் எழுதித் தள்ள வேண்டாம். கதையின் நம்பிக்கையை உடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நேரான நிரையில் நடந்தே வழி தவறுவதுதான் மாயம் என்று படம் காட்டினால் அது பலம்.

ஒரு படத்தில் பாழடைந்த துரை பங்களா, சுவரில் 1948-ஆம் ஆண்டு நாள்காட்டி. அலங்காரத்துக்குப் போட்டது. ஆனால் இந்த ஊரில் 1948 வெறும் எண் இல்லை. அந்த ஆண்டு ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அடுத்து நாடு முழுக்கக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. பார்ப்பவர்கள் கிழவியை மறந்துவிட்டுக் கம்யூனிஸ்ட் காலத்துக் கதையை எதிர்பார்க்கத் தொடங்குவார்கள். பாட்டி கதைக்குத் தேதி கிடையாது. அந்த இயக்குநரிடம் நான் கேட்டது இதுதான்: "இந்த ஆண்டை வேண்டும் என்றே வைத்தாயா?" இல்லை என்றான். மீதியை அவனே பார்த்துக்கொண்டான்.

சொல்லும் முறை

எழுத்தில் கொடுங்கள். ஏழு நிமிடக் குரல்பதிவை யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். நிறைய கண்டிருந்தாலும் பெரிய குறை மூன்று போதும். மற்றவற்றைக் கேட்டால் சொல்லுங்கள். நேரில் பேசுவதாக இருந்தால், மாமாக் சாப்பாட்டுக்கடையில் கூட்டாளிகள் சுற்றியிருக்க வேண்டாம். கேமரா பிடித்தவன் முன்னால் கேமராவைக் குறை சொன்னால் இயக்குநர் அவனைக் காப்பாற்றப் பேசுவானே தவிர, நீங்கள் சொன்னதைக் கேட்க மாட்டான்.

சிறுபிள்ளைகளின் நடிப்பை விமர்சிக்காதீர்கள். "பிள்ளைக்கு நடிக்கத் தெரியவில்லை" என்பதற்குப் பதில், "5:20-இல் நெருக்கக் காட்சி நீண்டுவிட்டது, அவள் அடுத்த வசனத்தை யோசிப்பது தெரிகிறது" என்று எழுதுங்கள். வெட்டும் மேசையில் சரி செய்யக்கூடியது அது. பெரிய பட்ஜெட் படங்களோடு ஒப்பிடாதீர்கள். எண்ணூறு வெள்ளியில் (ரிங்கிட்டில்) எடுத்தவனுக்கு அதனால் என்ன பயன்?

முனீஸ்வரர் கோயில் சூலத்தையோ பலிபீடத்தையோ பேயின் இருப்பிடமாகக் காட்டியிருந்தால், அதைக் கலைக் குறிப்போடு கலக்காமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். "யாருடைய கோயில், கேட்டாயா?" என்ற கேள்வி போதும். திரையிட்ட பிறகு கோயில் தலைவர் வந்து கேட்பதைவிட நீங்கள் கேட்பது நல்லது.

மேலே சொன்ன பதினான்கு நிமிடப் படத்துக்கு நான் அனுப்பிய குறிப்பு ஏறக்குறைய இப்படி இருந்தது:

"தம்பி, படம் முடிந்த பிறகும் என் மனதில் நிற்பது தூக்குச்சட்டி ஆடும் சத்தம். 6:05-இல் பிள்ளை நின்ற பிறகும் சட்டி ஆடிக்கொண்டே இருக்கிறதே, அதை வெட்டாதே. பாட்டியின் எச்சரிக்கை 1:10-இல் தெளிவாகக் காதில் விழுந்தது. 2:00-இல் அதையே எழுத்தாகவும் போட்டதும் எனக்குப் பாடம் நடத்துவதுபோல் தோன்றியது. 8:40-இல் தம்பியை ஏன் பிடித்தது என்று புரியவில்லை, அதற்குப் பிறகு பயம் குறைந்தது. 11:30-இல் உருவத்தின் முகம் முழுதாகத் தெரிந்ததும் ஒப்பனையைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். கை மட்டும் தெரிந்தவரை நடுங்கினேன். முடிவு எனக்குச் சரி. நீ மடித்து வைத்த தாளில் என்ன எழுதியிருந்தாய்?"

தாளில் இருந்தது முகத்தைப் பற்றித்தான்.

எதிர்த்துப் பேசினால் மல்லுக்கட்ட வேண்டாம். "பார்வையாளருக்குப் புரியும் அக்கா" என்றால், "நீ என்ன நடந்ததாக நினைத்து எடுத்தாய்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவன் விளக்கும்போது சொல்லும் வாக்கியம் படத்தில் இருக்கிறதா என்று அவனுக்கே கேட்கும். இல்லாவிட்டாலும் போகட்டும், படம் அவனுடையது.

அடுத்த வெட்டு வரும்போது பழைய குறிப்பைத் திறக்காமல் புதிதாகப் பாருங்கள். சொன்னதைச் செய்தானா என்று தணிக்கை பார்க்க உட்கார்ந்தால் புதிதாக முளைத்த குறை கண்ணில் படாது. கடைசியாகப் பெயர்ப் பட்டியல். கறுப்பில் வெள்ளை எழுத்து வேகமாக ஓடும், யாரும் படிக்க மாட்டார்கள் என்று விட்டுவிடுவார்கள். ர, ற இடம் மாறியிருக்கும், சோறு சமைத்துக் கொடுத்த அம்மா பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருக்கும். அதை மட்டும் நிறுத்தி நிறுத்தி எழுத்து எழுத்தாகப் படித்துக் கொடுங்கள்.